செத்த செல்லை அப்புறப்படுத்துவது யார்?

இன்று ஒரு நாளில் மட்டும் உங்கள் உடம்பில் ஏறக்குறைய 33,000 கோடி செல்கள் செத்து, அவற்றின் இடத்துக்குப் புதியவை வரும். இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ரான் செண்டர், ரான் மிலோ இருவரும் 2021-ல் வெளியிட்ட கணக்கு இது. எடை போட்டால் சுமார் 80 கிராம். நொடிக்கு 38 லட்சம் செல்கள்.

பயப்பட வேண்டாம், இது நோயல்ல. சாகிறவற்றில் பெரும்பகுதி ரத்த அணுக்கள். அதற்கடுத்து குடலின் உட்சுவர் செல்கள். இவை பெரும்பாலும் குடலுக்குள் உதிர்ந்து வெளியேறிவிடும். வயதான செல்லும் வேலை முடிந்த செல்லும் போய்ப் புதியது வந்தால்தான் உடம்பு ஓடும்.

அப்படியானால் இத்தனை பிணங்களும் எங்கே போகின்றன? நல்ல உடம்பிலிருந்து ஒரு துளி சதையை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் செத்த செல் கண்ணில் படுவதே அபூர்வம். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் உருவாகும் இளம் செல்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அங்கேயே சாகின்றன. அங்கும் அதே கதைதான். செத்த கையோடு யாரோ எடுத்துப் போய்விடுகிறார்கள்.

அந்த ‘யாரோ’வைத் தேடுவதிலேயே தன் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியைச் செலவிட்டிருப்பவர் கோடி ரவிச்சந்திரன். சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். பாஸ்டனில் ஹார்வர்டைச் சேர்ந்த டானா ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்தில் ஸ்டீவன் புராகாஃபிடம் பயிற்சி பெற்றார். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் ஆய்வுக்கூடம் நடத்தி, பெல்ஜியத்தின் கென்ட் நகரிலும் பணியாற்றி, பிறகு செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

மாட்டு டாக்டருக்குப் படித்தவருக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். கால்நடை மருத்துவம் படித்தவர், ஒரே உடலியக்கம் பல விலங்குகளில் எப்படி நடக்கிறது என்று பார்த்துப் பழகியவர். புழுவில் கண்டதை எலியிலும், எலியில் கண்டதை மனிதனிலும் தேடத்தான் இந்தத் துறையே கற்றுத்தருகிறது.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். செல் இரண்டு விதமாகச் சாகலாம். தீக்காயம், அடி, ரத்த ஓட்டம் நின்றுபோவது போன்றவற்றால் வெடித்துச் சாவது ஒன்று. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டும். அந்த இடம் சிவந்து வீங்கி வலிக்கும். இன்னொன்று அப்போப்டோசிஸ் (செல் தன்னைத் தானே ஒழுங்காகச் சுருக்கி, மூட்டை மூட்டையாகக் கட்டி முடித்துக்கொள்வது). 1972-ல் கெர், வைலி, கர்ரி என்ற மூவர் இதற்கு இந்தப் பெயரை வைத்தார்கள். அன்றாடம் உங்கள் உடம்பில் நடப்பதில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வகை.

ஒழுங்காகச் செத்தாலும் உரிய நேரத்தில் எடுக்க வேண்டும். கிராமத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதலில் உறவுக்குச் சொல்லி அனுப்புகிறோம்; எந்த வீடு என்று தெரிய வாசலில் அடையாளம் இருக்கிறது; பொழுதோடு எடுத்துவிடுகிறோம். செல்லின் சாவிலும் ஏறக்குறைய இதே மூன்று படிகள். ரவிச்சந்திரனின் ஆய்வுக்கூடம் மூன்றிலும் கை வைத்திருக்கிறது.

அவர் அங்கிருந்து தொடங்கவில்லை. 1993-ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த அவருடைய கட்டுரை டி செல் (கிருமித் தாக்கத்தை அடையாளம் காணும் வெள்ளை அணு) எப்படி விழித்துக்கொள்கிறது என்பதைப் பற்றியது. சண்டைக்குக் கிளம்பும் செல்லைப் பற்றிய ஆய்வு அது. அதன் பிறகுதான் சுத்தம் செய்யும் செல்லின் பக்கம் திரும்பினார். எனக்கு அவர் வாழ்க்கையில் மிகவும் பிடித்த திருப்பம் இது. நோய் எதிர்ப்பு என்றதும் நாம் எல்லோரும் சண்டையைத்தான் நினைக்கிறோம். சத்தமில்லாமல் கூட்டிப் பெருக்குவதும் அதே எதிர்ப்பு மண்டலத்தின் வேலைதான். அதில் தவறு நடந்தாலும் நோய் வரும்.

திரும்புவதற்குப் புழு உதவியது. சி. எலிகன்ஸ் என்று மண்ணில் வாழும், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள புழு ஒன்று உண்டு. அது வளரும்போது 1,090 உடற்செல்கள் உருவாகி, அவற்றில் சரியாக 131 சாகின்றன. ஒவ்வொரு புழுவிலும் அதே 131. இதை வைத்துச் செல் சாவின் மரபணுக்களைக் கண்டதற்குத்தான் சிட்னி பிரென்னர், ராபர்ட் ஹார்விட்ஸ், ஜான் சல்ஸ்டன் மூவருக்கும் 2002-ல் நோபல் பரிசு கிடைத்தது. புழுவில் ஒரு குறிப்பிட்ட மரபணு கெட்டால் செல்கள் செத்த இடத்திலேயே கிடந்தன. அதே மரபணு பாலூட்டிகளிலும் இருக்கிறது, எல்மோ என்ற புரதத்தைத் தருகிறது, விழுங்கும் வேலைக்கு அது தேவை என்று 2001-ல் ‘செல்’ இதழில் வந்த கட்டுரையில் ரவிச்சந்திரனின் குழுவுக்கும் பங்கு உண்டு.

செத்துக்கொண்டிருக்கும் செல் எப்படிச் சொல்லி அனுப்புகிறது? 2009-ல் ‘நேச்சர்’ இதழில் ரவிச்சந்திரனின் குழு விடை தந்தது. செல் தன்னிடம் உள்ள ஏடிபி (செல்லின் எரிபொருள்), யுடிபி என்ற அதன் நெருங்கிய சொந்தம் இரண்டிலும் கொஞ்சத்தை வெளியே விடுகிறது. அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு மேக்ரோஃபேஜ் (வேண்டாததை விழுங்கும் வெள்ளை அணு) வந்து சேர்கிறது. வெளியே விட வாசல் வேண்டுமே? பனெக்சின் 1 என்ற வாசல் அது. சாவின்போது ஒரு நொதி அதன் வாலை நறுக்குவதால் திறக்கிறது என்று 2010-ல் காட்டினார்கள்.

வந்த மேக்ரோஃபேஜ் பக்கத்தில் இருக்கும் உயிருள்ள செல்லைத் தின்றுவிடாதா? தின்னாது. செல்லின் உறையில் ஒரு கொழுப்பு எப்போதும் உள்பக்கம் பார்த்தே இருக்கும். சாகும்போது மட்டும் வெளிப்பக்கம் திரும்பும். அதுதான் வாசலில் உள்ள அடையாளம். அந்தக் கொழுப்பைத் தொட்டு உணரும் கைகளில் ஒன்று பிஏஐ1 என்ற புரதம் என்று 2007-ல் ரவிச்சந்திரனின் குழு கண்டது. அதுவரை மூளையில் ரத்தக் குழாய் வளர்வதோடு தொடர்புபடுத்தி மட்டுமே அறியப்பட்டிருந்த புரதம் அது.

விழுங்கிய பிறகு மேக்ரோஃபேஜுக்கு வயிறு நிறைந்துவிடாதா? தன் அளவுக்கு நிகரான ஒன்றை விழுங்கிவிட்டு, அடுத்ததையும் விழுங்க அது தன் சர்க்கரைச் செலவையும் எரிபொருள் அடுப்பையும் மாற்றி அமைத்துக்கொள்கிறது. 2011-லும் 2018-லும் வந்த கட்டுரைகள் இதை விளக்கின. இது ஆய்வாளர்களுக்கு முக்கியம். நாம் மேலே போவோம்.

இதெல்லாம் மண்ணச்சநல்லூரில் இருக்கும் எனக்கு எதற்கு என்று கேட்டால், முதல் பதில் மூச்சு.

திருச்சியிலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டித் துறையூர் சாலையில் வந்தால் அரிசி ஆலைகள். தவிட்டுத் தூசி, உமி, உமிச் சாம்பல் எல்லாம் வேலை செய்பவர்களின் மூச்சில் போகின்றன. இதில் சிக்கிச் சாகும் செல்களை மேக்ரோஃபேஜ் மட்டும்தான் எடுக்கிறது என்று எண்ணியிருந்தோம். மூச்சுக்குழாயின் உட்சுவர் செல்களே தம் பக்கத்தில் செத்துக் கிடப்பவற்றை விழுங்குகின்றன என்று 2013-ல் ரவிச்சந்திரனின் குழு காட்டியது. அந்தத் திறனை எலிகளில் எடுத்துவிட்டு, ஒவ்வாமை தரும் வீட்டுத் தூசிப் பூச்சியின் சாற்றை மூச்சில் கொடுத்தார்கள். மூச்சுக்குழாயில் அழற்சி (சிவந்து வீங்கும் எதிர்வினை) அளவுக்கு மீறிப் போனது.

அந்த எலிகளுக்குக் கொடுத்தது அரிசி ஆலைத் தூசி அல்ல. ஆனால் மூச்சுக்குழாயின் உட்சுவர் வெறும் சுவர் அல்ல, அதுவும் சுத்தம் செய்கிறது என்பது நமக்கும் பொருந்தும். நீண்ட காலம் புகைபிடித்து மூச்சுக்குழாய் அடைப்பு நோய் வந்தவர்களின் நுரையீரல் மேக்ரோஃபேஜ்கள் செத்த செல்களைச் சரியாக விழுங்குவதில்லை என்பது வேறு ஆய்வாளர்கள் மனிதர்களிடமே கண்டது. தூசியில் வேலை செய்துகொண்டு பீடியும் பிடிப்பவர் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறார்: சாகிற செல் கூடுகிறது, எடுக்கிற கை குறைகிறது.

என்ன செய்யலாம்? மூக்கில் துண்டைக் கட்டினால் நுண்தூசி நிற்காது. முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 முகக்கவசம் வேண்டும். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோய்க்கான அந்தச் சோதனை இலவசம். காசநோய் இல்லை என்றான பிறகும் இழுப்பு தொடர்ந்தால், மூச்சை ஊதவைத்து அளக்கும் சோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். இன்ஹேலர் பழகிவிடும் என்ற பயம் நம் பக்கம் நிறைய உண்டு. அது போதை அல்ல. மாத்திரையாக விழுங்கினால் உடம்பு முழுக்கப் போகும் மருந்து, இன்ஹேலரில் மிகக் குறைந்த அளவில் தேவையான இடத்துக்கே போகிறது.

இரண்டாவது பதில் வெயில். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல பெண்கள் வருடக்கணக்கில் காரணம் தெரியாமலே அலைகிறார்கள்.

செத்த செல்லை உரிய நேரத்தில் எடுக்காவிட்டால் அது கடைசியில் உடைந்து, உள்ளே இருக்கும் டிஎன்ஏ வெளியே வருகிறது. எதிர்ப்பு மண்டலம் அதை அந்நியப் பொருள் என்று எடுத்துக்கொண்டு அதற்கு எதிராகவே ஆயுதம் தயாரிக்கத் தொடங்கலாம். லூபஸ் (எதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்பையே தாக்கும் நீண்ட கால நோய்) வருவதற்கான காரணங்களில் இது முக்கியமான ஒன்று என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இந்த நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள்; பெரும்பாலும் குழந்தை பெறும் வயதில் இருப்பவர்கள்.

வெயில் எங்கே வருகிறது? வெயிலின் புற ஊதாக் கதிர் தோல் செல்களைக் கொல்கிறது. எல்லோருக்கும் இது நடக்கிறது. எடுத்துப் போட ஆள் இருப்பதால் தெரிவதில்லை. லூபஸ் உள்ளவருக்கு அந்தக் குவியல் எடுபடாமல் நின்று நோயைக் கிளப்பிவிடுகிறது. திருச்சிச் சித்திரை வெயிலில் ஸ்ரீரங்கம் தேர் பார்த்துவிட்டு வந்தவருக்கு அடுத்த சில நாட்களில் முகத்தில் சிவப்பும் மூட்டு வலியும் காய்ச்சலும் வந்தால், ‘சூடு பிடித்துவிட்டது’ என்று விட்டுவிடக் கூடாது. அது திரும்பத் திரும்ப நடந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? மூக்கின் இருபுறமும் கன்னங்களில் படரும் சிவப்பு, காலையில் விரல் மூட்டுகளில் விறைப்பு, கொத்தாக முடி உதிர்வது, வாயில் வலியில்லாத புண், கால் வீக்கம், நுரைத்துப் போகும் சிறுநீர். கடைசி இரண்டும் சிறுநீரகம் பாதிக்கப்படுவதைக் காட்டலாம். அவற்றுக்குத் தள்ளிப்போடவே கூடாது. திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் காட்டித் தொடங்கலாம்.

ஏஎன்ஏ (சொந்த செல்லின் கருவைத் தாக்கும் எதிர்பொருளுக்கான ரத்தச் சோதனை) பாசிட்டிவ் என்று வந்துவிட்டால் லூபஸ்தானா? அவசியமில்லை. நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்கள் சிலருக்கும் பாசிட்டிவ் வரும். அறிகுறிகள், சிறுநீர்ச் சோதனை எல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவு சொல்வார். பரிசோதனை நிலையத்துத் தாளை வைத்து நீங்களே முடிவு கட்ட வேண்டாம்.

லூபஸ் உறுதியானால், பத்து மணியிலிருந்து நாலு மணி வரை வெயிலைத் தவிருங்கள். முழுக்கை உடை, குடை, எஸ்பிஎஃப் 30-க்கு மேற்பட்ட வெயில் தடுப்புக் களிம்பு மூன்றும் வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை பெரும்பாலோருக்குக் கொடுப்பார்கள். உடம்பு தேறிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், இந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கான கண் பரிசோதனையையும் தவறவிடாதீர்கள். கல்யாணப் பேச்சு, கர்ப்பம் இரண்டுக்கும் இது தடை அல்ல. நோய் அடங்கியிருக்கும் காலமாகப் பார்த்து, மருத்துவரோடு முன்கூட்டியே பேசித் திட்டமிட வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியானால் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் சூரணம் சாப்பிட்டால் இது சரியாகுமா? இந்தக் கேள்விக்கு அழுத்திப் பதில் சொல்ல விரும்புகிறேன். லூபஸ் எதிர்ப்பு சக்தி குறைந்து வரும் நோயல்ல, அந்தச் சக்தி திசை தவறி மிகையாகப் போவதால் வருவது. அதைத் தூண்டிவிடும் எதையும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடுவது ஆபத்து. கொரோனா காலத்தில் சீந்தில் கொடியை நிறையச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். எதிர்ப்பு மண்டலமே கல்லீரலைத் தாக்கியது போல அது இருந்தது. ஆயுஷ் அமைச்சகம் அந்த முடிவை ஏற்கவில்லை. ஆனாலும் உங்களுக்கு ஏற்கெனவே லூபஸ், முடக்குவாதம் போன்றவை இருந்தால் எச்சரிக்கையே நல்லது.

விரதம் இருந்தால் செத்த செல்கள் வெளியேறும் என்கிறார்களே? விரதத்தோடு சேர்த்துப் பேசப்படுவது ஆட்டோஃபேஜி (உயிருள்ள செல் தன் பழைய பாகங்களைத் தானே செரித்துக்கொள்வது). செத்த செல்லை இன்னொரு செல் விழுங்குவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி விற்கும் ‘கழிவு நீக்கப்’ பொடிகளுக்கு இந்த ஆய்வுகள் எதுவும் சான்று ஆகாது.

2020-ல் வந்த ஒரு கண்டுபிடிப்பும் இப்படித் திரிக்கப்பட வாய்ப்புள்ளது. சாகும் செல் ‘என்னை எடு’ என்று கூப்பிடுவதோடு நிற்பதில்லை. சில நல்ல பொருள்களையும் வெளியே விட்டு, சுற்றியிருக்கும் செல்களைச் சாந்தப்படுத்துகிறது என்று ரவிச்சந்திரனும் குழுவினரும் கண்டார்கள். அவற்றில் ஸ்பெர்மிடின் என்ற பொருளும் ஒன்று. அப்படிப்பட்ட சில பொருள்களைக் கலந்து கொடுத்தபோது எலிகளுக்கு மூட்டு அழற்சி குறைந்தது, மாற்று நுரையீரலை உடம்பு தள்ளுவதும் குறைந்தது. மிக அழகான முடிவு. ஆனால் எலியில் கிடைத்தது, கலவையாகக் கொடுத்தது. ஸ்பெர்மிடின் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டால் மூட்டு வலி போகும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

ஆன்டிபயாடிக் பற்றியும் ஒரு செய்தி உண்டு. ட்ரோவாஃப்ளாக்சசின் என்ற மருந்து கல்லீரலைக் கெடுக்கிறது என்று 1999-ல் கட்டுப்படுத்தப்பட்டது. அது முன்பு சொன்ன பனெக்சின் வாசலை அடைக்கிறது, அதனால் சாகும் செல்கள் ஒழுங்கில்லாமல் உடைகின்றன என்று 2014-ல் இக்குழு காட்டியது. அதே குடும்பத்துச் சிப்ரோஃப்ளாக்சசினும் இப்படித்தான் என்று எண்ண வேண்டாம். கிருமியைக் கொல்லச் செய்த மருந்து நம் செல்லில் யாரும் எதிர்பாராத இடத்தைத் தொடலாம் என்பதுதான் செய்தி. மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்குவதை நிறுத்த இது ஒன்றே போதும்.

வீட்டில் யாராவது புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்கிறார்களா? அவர்கள் தெரிந்துகொள்ள 2021-ல் இக்குழுவின் ஒரு கண்டுபிடிப்பு வந்தது. குடல் செல்கள் சாகும்போது விடும் சத்துகளைச் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் தின்று வளர்கின்றன. புற்றுநோய் மருந்தால் குடல் செல்கள் சாகும் எலிகளிலும் இது நடந்தது. மருந்து ஏற்றும் நாட்களில் வெளிச் சாப்பாடு, பாதி வெந்த முட்டை, பச்சைக் காய்க் கலவை வேண்டாம் என்று மருத்துவமனையில் சொல்வார்கள். வெள்ளை அணுக்கள் குறைந்திருப்பதுதான் அதற்கு வழக்கமான காரணம். குடலிலும் கிருமிக்கு விருந்து காத்திருக்கிறது என்பதை இப்போது கூடுதலாகத் தெரிந்துகொள்ளலாம். காய்ச்சி ஆறிய தண்ணீர், சூடாக அப்போதே சமைத்தது, இரண்டையும் விடாதீர்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் காய்ச்சல் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், இரவானாலும்.

செத்த செல்லை வேகமாக எடுக்க வைக்கும் மருந்து எப்போது வரும்? 2022-ல் ரவிச்சந்திரனின் குழுவினர் பிஏஐ1-ஐயும் எல்மோவையும் ஒட்டவைத்து ஒரு புதுப் புரதம் செய்தார்கள். அதைப் பெற்ற எலிகளின் செல்கள் கூடுதலாக விழுங்கின. குடல் அழற்சியும் சிறுநீரகக் காயமும் குறைந்தன. எலியிலிருந்து மருந்துக் கடை வரை போக, மனிதர்களிடம் பல கட்டச் சோதனைகள் வேண்டும். வழியிலேயே நின்றுபோகும் மருந்துகள்தான் அதிகம். இந்த முறையில் சிகிச்சை தருகிறோம் என்று இன்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ரவிச்சந்திரனைப் போல ஆய்வு செய்ய உங்கள் பிள்ளைக்கு ஆசை இருந்தால் மருத்துவக் கல்லூரி இடம் கிடைக்காதது முடிவல்ல. நம் பக்கத்து நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இப்போதைய முறைப்படி மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கேட்பதில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து இடம் தருகிறது. உயிரியல், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் மதிப்பெண் வேண்டும். விண்ணப்பம் வருடத்துக்கு ஒரு முறைதான் திறக்கும், அதனால் பிளஸ் டூ தேர்வு முடிந்ததிலிருந்தே பல்கலைக்கழக அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருங்கள்.